சதுப்பு நிலத்து வேட்டைக்காரர்

மார்ட்டின் ஜான்சன் ஹீட்டின் சதுப்பு நில ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். தட்டையான புல்வெளி. அதற்குள் வளைந்து வளைந்து போகும் ஓர் உப்புநீர் ஓடை. நாலைந்து புல்போர்கள். தூரத்தில் ஒரு மாடு, சில சமயம் இரண்டு. மேலே வானம். அவ்வளவுதான். மலை கிடையாது, அருவி கிடையாது, புராணக் காட்சி கிடையாது. இந்த அமெரிக்க ஓவியர் 40 வயதை ஒட்டி இதை வரையத் தொடங்கினார். 85 வயதில் இறக்கும்வரை விடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சதுப்பு நில ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன.

நான் அவரை முதலில் பார்த்தது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அங்கே அமெரிக்க ஓவியப் பிரிவில் கூட்டம் எங்கே நிற்கும் என்று ஊகிப்பது சுலபம்: பெரிய சட்டகம் எங்கே இருக்கிறதோ அங்கே. ஹீட்டின் படங்கள் அப்படி ஆளைக் கூப்பிடுவதில்லை. கிட்டே போய்க் கொஞ்சம் குனிந்து நின்றால்தான் உண்டு. சதுப்பு நிலப் படங்கள் பலவும் ஓர் அடி உயரம், இரண்டடி அகலம், அதற்கு ஓர் அங்குலம் முன்னே பின்னே. உயரத்தைப்போல இரண்டு மடங்கு அகலம் என்ற இந்த வடிவத்தை அவர் கடைசிவரை மாற்றவே இல்லை என்று சொல்லலாம். அடிவானம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது?

1819 ஆகஸ்ட் 11ஆம் தேதி பென்சில்வேனியாவில், டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள லம்பர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ஹீட். அப்பா கடைக்காரர். கடற்கரை எங்கோ தூரத்தில். பிற்காலத்தில் கடலையும் கரையையும் வரைந்து பெயர் வாங்கப்போகிற ஆளுக்கு இளமையில் வாய்த்த தண்ணீர் அந்த ஆறு ஒன்றுதான். பக்கத்து ஊரில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த எட்வர்ட் ஹிக்ஸ் என்ற ஓவியர் இருந்தார். பலகைகளுக்கும் வண்டிகளுக்கும் வர்ணம் அடித்துப் பிழைத்தவர். சிங்கமும் ஆடும் சேர்ந்து படுத்திருக்கும் காட்சியை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்தவர். ஹீட்டுக்கு முதல் பாடம் அந்த வீட்டில்தான் கிடைத்தது என்பார்கள். எட்வர்டின் உறவுக்காரரும் ஓவியருமான தாமஸ் ஹிக்ஸ் வரைந்த இளம் ஹீட்டின் உருவப்படம் ஒன்று உண்டு. ஒரே காட்சியைப் பல தடவை வரைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதைப் பையன் அங்கேதான் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நிரூபிக்கவெல்லாம் முடியாது.

அதற்கப்புறம் இருபது வருடங்கள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பா போனார், ரோமில் கொஞ்ச காலம் இருந்தார், திரும்பி வந்து உருவப்படங்கள் வரைந்து வயிற்றைக் கழுவினார். பிலடெல்பியா, நியூயார்க், செயின்ட் லூயிஸ், சிகாகோ, டிரென்டன், பிராவிடன்ஸ் என்று எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. குடும்பப் பெயரின் எழுத்துகளையும் இந்தக் காலத்தில்தான் மாற்றிக்கொண்டார். அந்த உருவப்படங்களைப் பார்த்தால் இவர் பிற்பாடு பெரிய ஓவியர் ஆவார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். மரக்கட்டை முகங்கள்.

1858 கடைசியில் நியூயார்க்குக்கு வந்து பத்தாம் தெரு ஸ்டுடியோ கட்டடத்தில் இடம் பிடித்தார். ஓவியர்களுக்கென்றே கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் வடிவமைத்த கட்டடம் அது. திறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே இருந்தவர்தான் ஃபிரெடெரிக் சர்ச். ஹீட்டைவிட ஏழு வயது சின்னவர், ஆனால் ஏற்கனவே நாடறிந்த நட்சத்திரம். 1859இல் சர்ச் தன்னுடைய ‘ஆன்டீஸின் இதயம்’ ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். ஐந்தரை அடி உயரம், கிட்டத்தட்டப் பத்தடி அகலம். திரைச்சீலை, விளக்கு என்று தடபுடலான ஏற்பாடு. நுழைவுக் கட்டணம் 25 சென்ட். மூன்று வாரங்களில் 12,000 பேர் வந்தார்கள். நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் தொலைநோக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். கடைசியில் 10,000 டாலருக்கு விற்றது.

இந்த அமளிக்கு நடுவில் அதே கட்டடத்தில் உட்கார்ந்துதான் ஹீட் ஒரு மனிதனும் ஒரு நாயும் மழையை எதிர்பார்த்துக் கரையில் உட்கார்ந்திருக்கும் படத்தை வரைந்தார். சர்ச்சும் ஹீட்டும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். சர்ச் ஊரில் இல்லாதபோது அவருடைய ஸ்டுடியோவை ஹீட் பயன்படுத்தியதும் உண்டு. சர்ச் அவருக்கு எழுதிய கேலியும் கிண்டலுமான கடிதங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நட்பில் குறை இல்லை. ஆனால் சர்ச்சின் வழி மட்டும் ஹீட்டுக்கு ஒத்துவரவே இல்லை. ஒத்துவராதது நல்லதுக்குத்தான்.

அந்த மழைப் படத்தின் பெயர் ‘நெருங்கிவரும் இடிமழை’. 1859. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோட் ஐலண்டின் நாரகான்செட் விரிகுடாவில் ஹீட் கண்ணால் பார்த்த ஒரு புயல்தான் கரு. இந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது தண்ணீரின் கறுப்பு. நீலக் கறுப்பு, சாம்பல் கறுப்பு என்று எதுவும் இல்லை, மை. அலை என்பதே இல்லாத மை. வானமும் அதே நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆனால் முன்கரையிலும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்திலும் வெயில் இன்னும் அடிக்கிறது. புல் தகதகவென்று பச்சையாக எரிகிறது. மழைக்கு முன்னால் வரும் அந்த விபரீத வெளிச்சத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: பின்னால் வானம் கறுத்திருக்க, எதிரே சுவர் மட்டும் மஞ்சளாக மின்னும். அதைக் கண் பார்த்துவிடும், சாயத்தில் கொண்டுவருவது பெரும்பாடு. கறுப்பைக் கொஞ்சம் குறைத்தால் சாதாரண மேகமூட்டம் ஆகிவிடும். பச்சையைக் கொஞ்சம் கூட்டினால் பொம்மைப் படம் ஆகிவிடும்.

தூரத்தில் ஒரு படகின் வெள்ளைப் பாய். நடுவில் ஒருவன் படகைத் துடுப்புப் போட்டுக் கரைக்குக் கொண்டுவருகிறான். கரையில் உட்கார்ந்திருப்பவன் அவனுக்கு உதவவும் போகவில்லை, ஓடவும் இல்லை. நாயும் அப்படியே. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு இரண்டு வருடம் முந்தைய படம் என்பதால், வரப்போகிற ரத்தக்களரியை இந்தக் கறுப்புத் தண்ணீரில் பார்க்கிற விமர்சகர்கள் உண்டு. அந்தக் காலத்துப் பிரசங்கங்களிலும் பேச்சுகளிலும் புயல் என்ற உருவகம் மலிந்து கிடந்தது உண்மைதான். எனக்கென்னவோ அந்த வாசிப்பு படத்தின்மேல் ஏற்றிவைத்த மூட்டையாகத்தான் படுகிறது. ஹீட்டுக்குப் புயல் என்றால் முதலில் புயல். உட்கார்ந்திருப்பவனைப் பாருங்கள். போரை நினைத்துக் கவலைப்படுகிறவன் உட்காரும் விதமா அது? வேடிக்கை பார்க்கிறான்.

இதே விரிகுடாவை 1868இல் இன்னும் பெரிதாக, இன்னும் கறுப்பாக வரைந்தார்: ‘நாரகான்செட் விரிகுடாவில் இடிமழை’. வானத்தில் மின்னல் கோடு. பாய்மரப் படகுகள் கரைக்கு விரைகின்றன, வந்து சேர்ந்தவர்கள் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். தண்ணீர் கண்ணாடியாக நிற்கிறது. நியூயார்க்கின் ஓவியர் சங்கமான நேஷனல் அகாடமியின் கண்காட்சியில் வைத்தபோது விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். அதற்குப் பிறகு அவர் இந்த மாதிரிக் கறுப்புப் புயல் பக்கம் திரும்பவே இல்லை. இந்தப் படத்தின் கதை இதோடு முடியவில்லை, பின்னால் வருகிறேன்.

சதுப்பு நிலத்துக்கு வருவோம். பாஸ்டனிலிருந்து நியூபெரிபோர்ட் போகும் ரயிலில் இப்ஸ்விச் தாண்டியதும் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ரௌலி வந்ததும் மரங்கள் சட்டென்று விலகி, கண்ணுக்கெட்டிய தூரம் புல். இதுதான் ஹீட்டின் இடம். நிலம் என்று சொன்னாலும் பாதி நேரம் அது கடல். அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் எட்டு ஒன்பது அடி. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஓடைகள் வழியாக உள்ளே வந்து நிரம்பி வெளியே போகும். காலையில் சேற்றுச் சரிவாகத் தெரிந்த ஓடை மதியம் விளிம்பு தட்டி நிற்கும். ஓடைக் கரையில் உயரமான முரட்டுக் கோரை. அதற்கு மேலே, பெரிய ஓதத்தில் மட்டும் நனைகிற மேட்டில், மெல்லிய உப்புப் புல். காற்றில் அது சுழிசுழியாகப் படுத்துக்கிடக்கும், வாராத தலைமுடி மாதிரி.

அந்த உப்புப் புல்தான் பணம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்து இறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகளுக்கு மாட்டுத் தீவனம் தந்த முதல் மேய்ச்சல் இது. காட்டை வெட்டவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். கோடைக் கடைசியில் அறுப்பார்கள். அறுத்த புல்லை உடனே கரைக்குக் கொண்டுபோவது முடியாத காரியம், வண்டி சேற்றில் புதைந்துவிடும். அதனால் சதுப்பிலேயே மரக்குச்சிகளை நெருக்கமாக வட்டமாக நட்டு, ஓதம் எட்டாத உயரத்தில் அதன் மேல் போர் போடுவார்கள். பனிக்காலத்தில் சதுப்பு உறைந்து கெட்டியானதும் சறுக்கு வண்டியில் ஏற்றிப்போவார்கள். அதற்கு முன்னால் கொண்டுபோக வேண்டுமென்றால் தட்டையான படகுதான். சேற்றில் கால் புதையாமல் இருக்கக் குதிரைகளுக்குப் பலகைச் செருப்பு மாட்டிவிடுவார்கள். அந்தச் செருப்புகளை வட்டார அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். சோற்றுத் தட்டு அகலத்துக்கு இருக்கும்.

ஆக, ஹீட் வரைந்த போர்கள் மாதக்கணக்கில் அங்கேயே நிற்பவை. அவருக்கு அது வசதி. மாறாதது போர்; மாறிக்கொண்டே இருப்பது ஓதமும் வெளிச்சமும். 1859 வாக்கில் நியூபெரிபோர்ட் பக்கம் வரத் தொடங்கியவர், போகப்போக மாசசூசெட்ஸில் மார்ஷ்ஃபீல்டு, நியூ ஜெர்சியில் ஹோபோக்கன், நூவர்க் என்று எங்கே சதுப்பு இருந்தாலும் போய் நின்றார். ஒரு படத்தில் மழைமேகத்தின் நிழல் முன்புற ஓடையை மூடியிருக்கும், மூன்றாவது போரின் உச்சியில் மட்டும் வெயில். அடுத்த படத்தில் வெயில் முன்னால் வந்திருக்கும், போரின் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் ஊதா. இன்னொன்றில் சூரியன் அப்போதுதான் மறைந்திருக்கும், ஓடையில் மட்டும் வானத்தின் மிச்சச் சிவப்பு. வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள ‘வெயிலும் நிழலும்: நியூபெரி சதுப்பு’ என்ற படத்தை, முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். போரின் விளிம்பில் புல் கீற்றுகள் ஒவ்வொன்றாக இருக்கின்றன. தூரிகை ஓடிய தடம் தெரியாது. மேகத்தின் நிழல் எங்கே முடிகிறது என்று விரலால் காட்ட முடியாது, ஆனால் முடிந்திருக்கிறது.

இதைப் பேசும்போது பலரும் பிரெஞ்சு ஓவியர் மோனேவின் புல்போர்களை இழுப்பார்கள். நானும் இழுத்துவிட்டுப் போகிறேன். மோனே வரிசையாகப் போர்களை வரைந்தது 1890, 91இல். ஹீட் அதற்கு முப்பது வருடம் முந்தி. ஆனால் இரண்டும் வேறு சமாச்சாரம். மோனேவுக்கு வெளிச்சம் வந்ததும் பொருள் கரைந்துபோக வேண்டும். ஹீட்டுக்கு எந்த வெளிச்சத்திலும் போர் போராகவே நிற்க வேண்டும், அதன் அடியில் குச்சி தெரிய வேண்டும், பக்கத்தில் அறுத்தவன் தெரிய வேண்டும். அந்த இடத்தில் உழைப்பு நடக்கிறது என்பதை அவர் ஒருபோதும் மறப்பதில்லை.

இவ்வளவு பொறுமைசாலி கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். ‘ஸ்டுடியோவில் குட்டிச்சாத்தான்’ என்று இன்றைக்கு அழைக்கப்படும் ஒரு படம். அதை இரண்டு தடவை வரைந்திருக்கிறார். முதல் பார்வைக்கு வழக்கமான சதுப்பு: ஓடை, போர், மாடு. கீழே பார்த்தால்தான் தெரியும், அந்தச் சதுப்பு நிலம் முழுக்க ஸ்டுடியோவில் மரத் தாங்கிகள் மேல் வைத்த ஒரு கித்தான். ஓடைத் தண்ணீர் கித்தானின் விளிம்பு வழியாகத் தரையில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. தாங்கிகளுக்கு அடியில் ஒரு குட்டிச்சாத்தான் குதிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியர் எவரும் தன் தொழிலையே இப்படிக் கிண்டல் அடித்து நான் பார்த்ததில்லை.

இந்த மனிதர் எப்படி இவ்வளவு நேரம் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதற்கு எனக்குத் திருப்தியான விடை ஓவியங்களில் கிடைக்கவில்லை. அவர் எழுத்தில் கிடைத்தது. ஹீட் வேட்டைக்காரர். வாத்து, உள்ளான் வேட்டையில் பித்துப் பிடித்தவர். ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ என்ற வேட்டை, மீன்பிடிப் பத்திரிகைக்கு 1880இலிருந்து சாகும்வரை நூற்றுக்கும் அதிகமான கட்டுரைகளும் கடிதங்களும் எழுதினார். புனைபெயர் டிடிமஸ். பைபிளில் சந்தேகத் தோமாவுக்கு உள்ள இன்னொரு பெயர். வாத்து வேட்டை என்றால் என்ன? விடியுமுன்னே போய்ப் புல்லுக்குள் அசையாமல் உட்கார வேண்டும். காற்று எந்தப் பக்கம், ஓதம் ஏறுகிறதா வடிகிறதா, வெளிச்சம் எப்போது வரும், இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும். மலை பார்க்கப் போகும் ஓவியன் உச்சியில் போய் நின்று பார்ப்பான். ஹீட்டின் கண் எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது, சேற்றில் உட்கார்ந்தவனின் கண்ணாக. கரையில் நாயோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஆளும் இப்போது வேறு மாதிரித் தெரிகிறான், இல்லையா?

வேட்டைக்காரராக இருந்துகொண்டே அவர் ஒரு பறவைக்கு வாழ்க்கையில் பாதியைக் கொடுத்தார்: ஹம்மிங் பறவை. (நம்மூர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு.) சின்ன வயதிலிருந்தே அந்தப் பைத்தியம் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அவரே எழுதியிருக்கிறார். 1863இல், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார். திட்டம் பெரியது: பிரேசிலின் ஹம்மிங் பறவைகளை வண்ணக் கல்லச்சில் ஒரு ஆடம்பர நூலாகக் கொண்டுவருவது, 20 படங்களோடு. பெயர், ‘பிரேசிலின் ரத்தினங்கள்’. அப்போது இந்தத் துறையில் இங்கிலாந்தின் ஜான் கோல்ட் கொண்டுவந்த ஐந்து பெரிய தொகுதிகள்தான் கடைசி வார்த்தை. ஆனால் கோல்ட் வேலை செய்தது பெரும்பாலும் பதப்படுத்திய பறவை உடல்களை வைத்து. உயிரோடு ஒரு ஹம்மிங் பறவையை அவர் முதலில் பார்த்ததே 1857இல் அமெரிக்காவுக்கு வந்தபோதுதான். ஹீட்டுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். அவர் காட்டுக்குள் போனார்.

அந்தச் சின்னப் படங்கள், ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், பார்க்கப் பார்க்கத் திகட்டாதவை. ஆண், பெண், பெரும்பாலும் பக்கத்தில் கூடு. கழுத்துப் பக்கம் உள்ள நிறம்தான் சோதனை. ஹம்மிங் பறவையின் தொண்டை மினுங்குவது சாயத்தால் இல்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால். தலையைக் கொஞ்சம் திருப்பினால் மாணிக்கம் கரியாகிவிடும். அதாவது வரைகிறவன் ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும். சதுப்பில் மேகம் விலகும் நொடிக்காகக் காத்திருந்த ஆளுக்கு இது பழகிய வேலை.

1864இல் ரியோவில் இவற்றைக் காட்சிக்கு வைத்தார். பேரரசர் இரண்டாம் பெட்ரோ அவருக்கு ‘ரோஜா விருது’ என்ற வீரப் பட்டம் கொடுத்தார். பின்னர் லண்டன் போய் அச்சு வேலையைத் தொடங்கினார். நான்கு படங்கள் அச்சாயின. அச்சின் தரம் அவருக்குப் பிடிக்கவில்லை, சந்தாதாரர்களும் போதவில்லை. நூல் அதோடு நின்றது. அவர் ஆசைப்பட்ட அந்தப் புத்தகம் கடைசிவரை வரவே இல்லை. அதற்காக அச்சிட வைத்திருந்த ஓவியங்களில் 16, இப்போது ஆர்கன்சாவில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் ஒன்றாக இருக்கின்றன.

நிகராகுவா ஒரு தடவை, கொலம்பியா, பனாமா, ஜமைக்கா இன்னொரு தடவை போனார். 1870க்குப் பிறகு ஆர்க்கிட் வந்து சேர்ந்தது. ‘காட்லேயா ஆர்க்கிடும் மூன்று ஹம்மிங் பறவைகளும்’ (1871) என்ற படத்தில் இடது பக்கம் இளஞ்சிவப்பு ஆர்க்கிட், மூக்கு இடிக்கும் தூரத்தில். வலது பக்கம் கூட்டருகே மூன்று பறவைகள். பின்னால் நேராகப் பனிமூட்டத்தில் மலை. நடுத்தூரம் என்று ஒன்று இல்லவே இல்லை. அதுவரை ஆர்க்கிட் என்றால் தாவரவியல் நூலில் வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும், இல்லையென்றால் பூச்சாடியில். ஹீட் அதைப் பாசி பிடித்த கிளையோடும் பறவையோடும் ஈரத்தோடும் சேர்த்துக் காட்டினார். இன்னதென்று வகைப்படுத்த முடியாத படம்: நிலக்காட்சியா, பூப்படமா, பறவைப்படமா? சமகாலத்து விமர்சகர்களுக்கும் இதே குழப்பம்தான். நேஷனல் அகாடமி அவரைக் கடைசிவரை உறுப்பினர் ஆக்கவில்லை.

64 வயதில், 1883இல், இரண்டு காரியம் செய்தார். முதல்முறையாகக் கல்யாணம் செய்துகொண்டார். புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் வீடு வாங்கிக் குடியேறினார். ஸ்டாண்டர்ட் ஆயிலில் ராக்ஃபெல்லரின் கூட்டாளியான ஹென்றி ஃப்ளாக்லர் 1885இல் அந்த ஊரில் பொன்சே தெ லியோன் என்ற மாபெரும் ஹோட்டலைக் கட்டத் தொடங்கினார். 1888இல் திறந்த அந்த ஹோட்டலின் பின்புறம் ஓவியர்களுக்கென்று ஸ்டுடியோ வரிசை. அதில் ஒன்று ஹீட்டுக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரும் பணக்காரர் அவருக்கு ஆதரவாளர் ஆனார். அதன் விளைவாக வந்த ‘மாபெரும் புளோரிடா அந்தி’, நாலரை அடி உயரம் எட்டு அடி அகலம், எனக்குப் பிடிக்கவில்லை. ஹோட்டல் முகப்புக்கு ஏற்ற படம். ஹீட்டுக்குப் பெரிய கித்தான் கைவராது. எட்டு அடி அகலத்தில் அவருடைய மௌனம் வெறும் வெற்றிடமாகிவிடுகிறது.

ஆனால் அதே வருடங்களில்தான் மக்னோலியாக்கள் வந்தன. புளோரிடாவின் பெரிய வெள்ளை மக்னோலியா, பறித்தால் சீக்கிரமே இதழ் பழுப்பாகிவிடும். முதலில் சாடியில் வைத்து வரைந்தார். அப்புறம் சாடியை எடுத்துவிட்டுப் பூவை வெல்வெட் துணிமேல் படுக்க வைத்தார். நீல வெல்வெட், சிவப்பு வெல்வெட், பொன்னிற வெல்வெட். இதழின் கனம் தெரிகிறது, இலையின் அடிப்பக்கத் துரு நிறம் தெரிகிறது. பின்னால் இருட்டு. எழுபது வயதுக்காரர் வரைந்தது என்று நம்பவே முடியாத அளவுக்குச் சரசம் உள்ள படங்கள். 2004இல் அமெரிக்கத் தபால்துறை நீல வெல்வெட் மக்னோலியாவைத் தபால்தலையாகவே போட்டது.

வயதான டிடிமஸின் கடிதங்களும் மாறிக்கொண்டு வந்தன. தொப்பி அலங்காரத்துக்காகக் கொக்குகளையும் நாரைகளையும் கொத்துக்கொத்தாகச் சுட்ட இறகு வியாபாரிகளை வெளுத்து வாங்கினார். வாத்துகள் குறைந்துவிட்டதை எழுதினார். வேட்டைக்குச் சட்டம் வேண்டும் என்றார். தோட்டத்துக்கு வந்த ஹம்மிங் பறவைகளுக்குச் சின்னக் குப்பியில் சர்க்கரைத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பழக்கினார். அவை வந்து அவர் கையிலிருந்தே குடித்தன. அசையாமல் நிற்கத்தான் அவருக்கு ஆயுள் முழுக்கப் பயிற்சி இருந்ததே.

1904 செப்டம்பர் 4ஆம் தேதி இறந்தார். கலை உலகம் அவரை அதற்கு முன்பே மறந்திருந்தது. பாரிஸ் பாணி வந்து, இந்த வழவழப்பான சின்னப் படங்கள் பழங்கதை ஆகியிருந்தன. அடுத்த நாற்பது வருடங்கள் அவர் பெயர் யார் வாயிலும் இல்லை. 1943இல் நியூயார்க் அருகே லார்ச்மான்ட்டில் ஒரு பழம்பொருள் கடையில் அந்தக் கறுப்புப் புயல் கண்ணில் பட்டது, 1868இல் விமர்சகர்கள் கிழித்த அதே படம். அந்த ஆண்டே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது, பார்த்தவர்கள் அசந்து போனார்கள். கனவுக் காட்சிகளை வரைந்த சர்ரியலிஸ்டுகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அசையாத அந்தக் கறுப்புத் தண்ணீர் தங்கள் காலத்துப் படமாகவே பட்டது. அது இப்போது டெக்சாஸில் ஆமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1948இல் அவரைப் பற்றி முதல் நூல் வந்தது. பாஸ்டனில் மேக்சிம் கரோலிக் என்ற ரஷ்யப் பாடகரும் அவர் மனைவி மார்த்தாவும் யாரும் சீண்டாத பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியங்களை வாங்கிக் குவித்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். நான் குனிந்து பார்த்தவற்றில் சில அவர்கள் தயவு. 1954இல் ஜான் பௌர் என்ற ஆய்வாளர் ஹீட், ஃபிட்ஸ் ஹென்றி லேன் போன்றவர்களை ஒளியையே வரைந்தவர்கள் என்ற பொருளில் ‘ஒளியியல் ஓவியர்கள்’ (லூமினிஸ்ட்) என்று ஒரு கூடைக்குள் போட்டார். பெயர் நிலைத்துவிட்டது. மை நிறத் தண்ணீரை வரைந்த ஆளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கண்காட்சிகள் வந்து, தபால்தலை வருமளவுக்குப் பெயர் ஏறிய பிறகும் ஹீட்டின் படங்கள் வீட்டு மூலைகளிலிருந்து கிளம்பி வந்துகொண்டே இருக்கின்றன. எனக்குப் பிடித்தது இண்டியானாக்காரர் ஒருவரின் கதை. பழைய சாமான்களோடு சேர்த்து அடிமாட்டு விலைக்கு ஒரு பூப்படம் வாங்கினார், வீட்டுச் சுவரில் இருந்த ஓட்டையை மறைக்க மாட்டிவைத்தார். ஒருநாள் ஓவிய ஏலம் பற்றிய ஒரு பலகை விளையாட்டு ஆடும்போது, சீட்டு ஒன்றில் இருந்த ஹீட்டின் மக்னோலியா தன் சுவரில் இருப்பதைப்போலவே இருக்கிறதே என்று பொறி தட்டியது. அது பொன்னிற வெல்வெட் மேல் கிடக்கும் மக்னோலியாக்கள். 1999இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதை 12.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தப் பணத்தில் சுவரைப் பூசியது போக மிச்சம் இருந்திருக்கும்.